மப்ரூக் ஹாஜியாரை இருட்டில் தள்ளிய மதியம்

வெயில் காலத்தில் எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் விழித்திருப்பதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு ஊரே கட்டையைச் சாய்த்துவிடும். எனக்கு மட்டும் மதியத்தில் தூக்கம் வராது. தூக்கம் வராத மனிதன் கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பான். நடந்ததெல்லாம் அதனால் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஷெத்லி. பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் எடுக்காதவனை அவன் உட்கார்ந்திருக்கும் தினுசை வைத்தே சொல்லிவிடுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நியாய அநியாயம் தெரியாத ஆள் இல்லை நான். என் கதையைக் கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கும் என் மனைவி நஸீஹாவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்து, பாதாம் மிதக்கும் தேநீர் வந்ததும் ஷ்கோபா ஆடுவோம். மேசையில் கிடக்கும் சீட்டுகளைக் கையில் உள்ள சீட்டால் கூட்டிப் பிடிக்கிற ஆட்டம். மேசையை மொத்தமாக வழித்து எடுத்தால் அதுதான் ஷ்கோபா. டைமன் ஏழு யாரிடம் போய்ச் சேர்கிறதோ அவருக்குத் தனியாக ஒரு புள்ளி. கல்யாணமான புதிதில் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை, அதனால் சீட்டைப் பிரித்தோம். பிறகு பேச்சும் வந்தது, சண்டையும் வந்தது. முகம் கொடுத்துப் பேசாத நாட்களில்கூட சீட்டு மட்டும் போட்டோம். அந்த ஒரு மணி நேரம் அவள் என் எதிரே உட்கார்ந்திருப்பாள், என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

டைமன் ஏழை நான் தொடைக்கு அடியில் ஒளித்து வைப்பதாக அவள் சொல்வாள். வைத்தது உண்மை. ஒளித்தேன் என்பது உண்மையில்லை. எங்கள் வீட்டில் கடல் காற்று அதிகம், முக்கியமான சீட்டைப் பத்திரப்படுத்துவதில் என்ன தப்பு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் மப்ரூக் ஹாஜியாரைக் கொண்டுவந்தவன் அனீஸ். என் மகள் ரீமுக்கு நிச்சயம் செய்த பையன். பெருநாளுக்குப் பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். ரீமுக்குப் பட்டுத் துணியும் அத்தரும் கொண்டுவந்தான். உப்புக் கருவாடும் திராட்சை வெங்காயத் தொக்கும் இரண்டு தட்டு சாப்பிட்டான். அதுவரை எனக்கு அவன்மேல் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு, மாமியாரை வெறுங்கையோடு விடக்கூடாது என்று, முன்னறை மூலையில் கிடந்த கணினியில் ஒரு ஷ்கோபா விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான்.

அந்தக் கணினி ரீம் பள்ளியில் படித்தபோது வாங்கியது. முதுகு புடைத்த பழைய திரை, அதன் தலையில் நஸீஹா பின்னிய லேஸ் துணி. கல்யாணப் படங்களைப் பார்க்க எப்போதாவது திறப்போம். இப்போது பொத்தானை அழுத்தினால் நேராக விளையாட்டே வரும்படி அனீஸ் செய்திருந்தான். அதில் எதிரே உட்கார்ந்து ஆடுகிறவர்தான் ஹாஜியார். சிவப்புத் தொப்பி, முறுக்கு மீசை, கையில் சீட்டு. வரைந்த படம்தான். ஆனால் "வாங்க வாங்க, சீட்டைக் குலுக்குங்க" என்று பேசுவார்.

நஸீஹா முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தாள். மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சீட்டைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் தன் தேநீரை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"இன்னைக்கு நீ படுத்துக்கோ மனுஷா. எனக்கும் ஹாஜியாருக்கும் ஒரு ஆட்டம் பாக்கி நிக்குது."

"அது மெஷின், நஸீஹா."

"மெஷின்தான். ஆனா ஏழு மேல உக்காந்து அடைகாக்காது."

நான் பொறுத்துக்கொண்டேன். அடுத்த நாளும் பொறுத்தேன். ஹாஜியார் தேநீரை உறிஞ்சும்போது சத்தம் போடுவதில்லை என்றாள், பொறுத்தேன். தோற்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை என்றாள், அதையும் பொறுத்தேன். ஒரு நாள் ஆடப் போகும் முன் காதில் தோடு மாட்டிக்கொண்டாள். அன்றைக்குத்தான், இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும் என்று அமைதியாக முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. நிதானமாக, தேநீர் குடித்துக்கொண்டே எடுத்த முடிவு.

விளையாட்டை அழித்துவிடலாம். ஆனால் அழித்தது யார் என்று கேள்வி வரும், அனீஸ் மறுபடி போட்டுக் கொடுப்பான். யார் மேலும் பழி சொல்ல முடியாத சாவாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காபிக் கடையில் மொந்தர் அகப்பட்டான். பக்கத்துத் தெரு ஆள். தன் பழைய கணினியைக் கெடுத்துக்கொண்ட கதையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தான்.

"வீடியோ டிரைவர்னு ஒண்ணு இருக்குய்யா. உள்ள நடக்கிறத திரைக்கு எடுத்துச் சொல்ற ஆளு. புதுசா இருக்கேன்னு தப்பானதப் போட்டுத் தொலைச்சேன். திரை கன்னங்கரேல்னு ஆயிப்போச்சு. எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு, கண்ணுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

"அப்புறம் எப்படிச் சரி பண்ணினே?"

அதையும் சொன்னான். திறக்கும்போதே ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் பாதுகாப்பு முறை என்று ஒன்று வருமாம். தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு கணினி அரைக்கண் திறக்கும். அதற்குள் போய்க் கெட்டதை நீக்கினால் பிழைத்துக்கொள்ளுமாம். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

"அந்தத் தப்பான டிரைவர் இன்னும் உன்கிட்ட இருக்கா? எனக்கு ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடு."

"உனக்கு எதுக்கு?"

"எது தப்புன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஜாக்கிரதையா இருக்கலாமே."

மொந்தர் என்னை மெச்சினான். இவ்வளவு முன்யோசனை உள்ள ஆளைப் பார்த்ததில்லை என்றான்.

மறுநாள் மதியம் நஸீஹா உள்ளறையில் மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ரீமும் தூங்கிவிட்டாள். ஹாஜியாரை மூடி ஒதுக்கிவிட்டு, மொந்தர் கொடுத்ததை ஏற்றினேன். இது உங்கள் கணினிக்கு ஏற்றதல்ல, தொடர விருப்பமா என்று கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டது. நானும் மரியாதையாக ஆம் என்றேன். உண்மையிலேயே விருப்பமா என்று இன்னொரு முறை கேட்டது. என் வாழ்நாளில் யாரும் என் விருப்பத்தை இத்தனை முறை கேட்டதில்லை. ஆம் என்றேன். கணினி அணைந்து திரும்பத் திறந்தது, திரையில் கோடு கோடாக ஏதோ ஓடியது, பிறகு கறுத்தது. அதை அணைத்து, லேஸ் துணியை நேராக இழுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அன்று எனக்கு மதியத்தில் தூக்கம் வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டைக் குலுக்கி மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நஸீஹா பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே நின்றது. அவள் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், திரையின் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள். எழுந்து என் பக்கம் வரப்போகிற நேரத்தில், அந்த இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாங்க வாங்க, சீட்டைக் குலுக்குங்க."

டிரைவர் திரையைத்தான் கெடுத்திருந்தது. ஒலிபெருக்கியை நான் மறந்துவிட்டேன். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டதாக நினைத்திருந்தேன், உயிரோடு புதைத்திருக்கிறேன்.

"ஹாஜியாரே, எங்க இருக்கீங்க?" என்றாள் நஸீஹா.

"நேரமாகுது, நல்லா யோசிங்க" என்றார் ஹாஜியார். ஆட்டக்காரர் சீட்டுப் போடாமல் தாமதித்தால் அவர் எப்போதும் சொல்கிற வார்த்தை.

"பாவம், உள்ள உசுரோடதான் இருக்காரு. கண்ணுதான் போச்சு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் யோசிக்கச் சொல்லும்போதெல்லாம் யோசிப்பதாகப் பதில் சொன்னாள். நேராகவே சொல்கிறேன், எனக்கு வலித்தது. ஒன்றுமே தெரியாத இருட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள், விளக்கு வெளிச்சத்தில் முழு மனிதனாக நான் உட்கார்ந்திருந்தாலும் என்னைப் பார்க்கமாட்டாள்.

அதனால் மறுநாள் மதியம் வேலையை முடிக்கப் போனேன். மொந்தர் சொன்னபடி விசையைத் தட்டிக்கொண்டே இருந்தேன், பாதுகாப்பு முறை வந்தது. எழுத்தெல்லாம் பூதாகாரமாக, நிறமெல்லாம் வெளிறிப்போய், வழக்கமாகக் கேட்காத கடவுச்சொல்லைக் கேட்டது. கடவுச்சொல் நஸீஹாவின் பெயர்தான். அடித்தேன், ஏற்கவில்லை. நிறுத்தி நிதானமாக அடித்தேன், ஏற்கவில்லை. எங்கள் விசைப்பலகையில் எழுத்துகள் பிரெஞ்சுக்காரர் அடுக்கிய வரிசையில் இருக்கும். அரைக்கண் திறந்த கணினிக்கு அந்த ஞாபகம் போய்விடுகிறது, அமெரிக்க வரிசை என்று நினைத்துக்கொள்கிறது. விசைமேல் ஒரு எழுத்து, உள்ளே போவது வேறு எழுத்து. திரையிலோ வெறும் புள்ளிகள். பெயர் எழுதும் கட்டத்தில் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்து, எது எங்கே இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். என் மனைவியின் பெயரைத் தப்பான விசைகளில் சரியாக அடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. உள்ளே நுழைந்து ஒலிக்கான டிரைவரையும் பிடுங்கினேன். ஹாஜியாரின் வாய் அடைந்தது.

அன்றிரவு நஸீஹா கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. லேஸ் துணியை இழுத்துத் திரையை முழுவதும் மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் இரக்கம் இல்லாதவன் இல்லை. கொஞ்ச நேரம் விட்டுத்தான் சீட்டை எடுத்தேன்.

"ஒரு ஆட்டம் போடலாமா? மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "துக்க வீட்டுல சீட்டா?"

இந்த இடத்தில்தான் அனீஸின் பேச்சு வருகிறது. அவன் மேல் நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கணினி எப்படிக் கெட்டிருக்கும் என்று ரீம் கேட்டாள். அனீஸைத் தவிர வேறு யார் அதில் கை வைத்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். கேள்விதானே. ரீம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"எங்கம்மா அழறாங்க, உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? தெரியாத வேலைல எதுக்குக் கை வைக்கணும்?" என்று கத்துவது தெருவுக்கே கேட்டது. பிறகு உள்ளே வந்து நிச்சய மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். பாத்திரம் கழுவத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று பாத்திரம் கழுவியது நான். சோப்பு நுரைக்குள் கையை வைத்துக்கொண்டு அந்த மோதிரத்தைப் பார்த்தபோது, இளசுகளுக்கு இப்போதெல்லாம் பொறுமையே இல்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அனீஸ் வந்தான். கையில் இனிப்புப் பெட்டி, முகத்தில் ரத்தம் இல்லை. மீன் போட்ட கூஸ்கூஸ் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கூப்பிட்டும் உட்காராமல் நேராகக் கணினிக்குப் போனான். ரீம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். நஸீஹா நாற்காலியில் அமர்ந்து ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன் விவரமானவன்தான். விசையைத் தட்டிப் பாதுகாப்பு முறைக்கு வந்துவிட்டான். கடவுச்சொல்லில் மாட்டிக்கொண்டான். அடித்தான், ஏற்கவில்லை. திரும்ப அடித்தான்.

"என் பேருதானே மகனே, அதுகூடவா மறந்துபோச்சு?" என்றாள் நஸீஹா.

"மறக்கல மாமி. சரியாத்தான் அடிக்கிறேன்."

"சரியா அடிச்சா ஏன் தொறக்கல? அன்னைக்கும் சரியாத்தானே போட்டீங்க" என்றாள் ரீம் சுவரோரத்திலிருந்து.

அனீஸின் காது சிவந்தது. அடித்ததையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கூஸ்கூஸ் ஆறுகிறது என்பதும் உண்மை, பையன் பாவம் என்பதும் உண்மை. எது என் கையை நீட்ட வைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, தட்டுத் தடங்கலில்லாமல் அடித்தேன். திறந்துகொண்டது.

"எப்படி மாமா?" என்றான் அனீஸ்.

"அனுபவம்" என்றேன்.

யாரும் எதுவும் நினைத்திருக்கமாட்டார்கள். சாப்பிடப் போயிருப்போம். நஸீஹாதான் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

"அதை மூடு அனீஸ். ஷெத்லி, இன்னொரு தடவ அடி."

அடித்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தாள். என் சீட்டுக் கையை வருடக்கணக்காக அப்படிப் பார்த்தவள் அவள். விரல் எப்போது தயங்கும், எப்போது தயங்காது என்பது எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"என் பேரே இல்ல அது, நீ அடிக்கிறது. எங்கெங்கயோ தட்டுற, ஆனா தொறக்குது." குரலை உயர்த்தவேயில்லை. "இது புதுசா போற வழி இல்ல மனுஷா. போய்ப் பழகின வழி."

எனவே சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிற அதே வரிசையில், அதே நிதானத்தில். தோட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கணினியைப் பார்த்துச் சொன்னேன். முடித்ததும் ரீம் ஜன்னலுக்குப் போய் மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. பிறகு பல நாள் என்னோடு பேசவும் இல்லை.

அனீஸ் சிரித்தான். அவ்வளவு பெரிய மனது. சிரித்துக்கொண்டே சாதனங்களின் வரிசையைத் திறந்து, மொந்தரின் டிரைவரைப் பிடித்து வெளியே தள்ளினான். கணினியைப் பெருநாள் சமயத்து நிலைக்குத் திருப்பி வைத்தான். அணைத்துத் திறந்தான். திரை மினுக்கியது, நிறம் வந்தது, சிவப்புத் தொப்பி வந்தது, மீசை வந்தது.

"வாங்க வாங்க, சீட்டைக் குலுக்குங்க."

நஸீஹா குலவை போட்டாள். எதிர்வீட்டுக்காரி, ரீமுக்குக் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள் என்று நினைத்து அங்கிருந்து பதில் குலவை போட்டாள்.

"மாமா, அடுத்த தடவ என்கிட்டயே சொல்லுங்க, தடயம் இல்லாம கெடுத்துத் தர்றேன்" என்று என் காதில் சொன்னான் அனீஸ். நல்ல பையன். அவன்மேல் சந்தேகம் வந்ததற்கு என் மகள் வெட்கப்பட வேண்டும்.

தண்டனையை நஸீஹா சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னாள். "இனிமே ராத்திரி என் பக்கத்துல வந்து உக்காரு. நான் ஹாஜியாரோட ஆடறத வாய மூடிட்டுப் பாரு. கை ரெண்டும் மேசை மேல, என் கண்ணுல படற மாதிரி இருக்கணும்."

அப்படியே உட்கார்ந்தேன். தினமும் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் இருந்தேன்தான், ஆனால் அவள் முகத்தின் ஒரு பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. அவள் பார்த்தது முழுக்க மீசையை.

ஒரு நாள் ஆட்டம் நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கையில் டைமன் ஏழு. மேசையில் பிடிக்க வேண்டியதெல்லாம் இருந்தது, போட்டால் அவளுக்குத்தான். அந்நேரம் அடுப்பில் தேநீர் பொங்கியது, எழுந்து ஓடினாள். என் கைகள் மேசை மேல்தான் இருந்தன. அவள் சொன்ன இடத்திலேயே இருந்தன. மவுஸின் மேல் ஒரு விரல் போதுமானதாக இருந்தது. பிடிக்க வேண்டிய சீட்டை விட்டுவிட்டு, கையிலிருந்ததிலேயே உதவாததாகப் பார்த்து ஒன்றை அவளுக்காகப் போட்டேன். ஹாஜியார் மேசையை வழித்தார். அடுத்து அந்த டைமன் ஏழையே தூக்கிப் போட்டேன். அவர் அதையும் எடுத்துக்கொண்டார்.

கோப்பைகளோடு திரும்பி வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்ன இது? ஏழு எங்க?"

"நீ அந்தப் பக்கம் போனதும் அவரு ஆடிட்டாரு" என்றேன்.

"நான் இல்லாதப்பவா?"

"நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். வாய மூடிட்டு இருக்கணும்னு நீதானே சொன்னே."

அவள் திரையைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள், அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "மூணாம் மனுஷன் ஏமாத்துறதுக்கு வீட்டு ஆளே ஏமாத்திட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கணினியை அணைத்தாள். என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முழு முகமும் தெரிந்தது.

உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயிற்று. டிரைவரைப் போட்டது நான், குரலைப் பிடுங்கியது நான், டைமன் ஏழைத் தூக்கிக் கொடுத்தது நான். ஆனால் ஹாஜியார் நிரபராதி என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டை அவர் முகத்துக்கு நேரேதான் சொன்னேன், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் கனமில்லாத மனிதன் அப்படிச் சும்மா இருப்பானா?